சுவர்ப் பக்கம்

கூரை வேலை முடிந்து நானூற்று மூன்று நாள் ஆகிறது. முதல் முந்நூற்று ஐம்பது நாளில் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. அதற்கப்புறம் எட்டு மழை. எட்டுக்கும் ஒழுகியது.

நூலகத்தின் வாசிப்பறைக்கு ஓட்டுக்கூரை. அது சரிந்து வந்து பக்கத்து மாடிக் கட்டடத்தின் சுவரில் முடியும். கூரைக்கும் சுவருக்கும் நடுவில், ஓர் ஆள் கால் வைத்து நடக்கும் அகலத்துக்கு ஒரு கால்வாய். கூரைத் தண்ணீர் முழுக்க அதில் இறங்கி, கோடியில் இருக்கும் குழாய் வழியாகக் கீழே போக வேண்டும். பலகை அடித்து அந்தக் கால்வாய்க்கு வடிவம் கொடுத்தவர் தச்சர். பலகைமேல் ஈயத் தகடு விரித்து, மரச்சுத்தியால் தட்டித் தட்டி மூலைக்கு மூலை படிய வைத்தவன் அவர் மனைவியின் தம்பி. அவனை எல்லோரும் குண்டு என்பார்கள். ஈயம் என்றாலே குண்டு நினைவுக்கு வந்த யாரோ வைத்த பெயர். ஆள் என்னவோ ஒட்டடைக்கம்பு மாதிரிதான் இருப்பான்.

அன்று மதியம் பன்னிரண்டரை மணிக்குக் குண்டு கூரைமேல் நின்று ரப்பர் குழாயால் கால்வாயில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். தச்சர் ஓட்டுக்கடியில், கால்வாய்ப் பலகைக்குக் கீழே, டார்ச்சோடு குந்தியிருந்தார். நாற்பது நிமிடமாக அப்படித்தான். முழங்கால் அவருடையதில்லை என்பதுபோல் மரத்துப்போயிருந்தது.

"வருதா மாமா?"

"வரல."

"இப்ப?"

"இப்பவும் வரல."

"நல்லாப் பாருங்க."

"ரெண்டு கண்ணையும் வச்சுத்தான்டா பாக்கறேன். போதலைன்னா உங்க அக்கா கண்ணையும் வாங்கிட்டு வரட்டுமா?"

"வேண்டாம். அது இல்லாததையும் பாக்கும்."

தச்சர் பலகையைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. இரண்டு நாளைக்கு முன் விடியற்காலையில் பெய்த மழையில் இதே பலகை வழியாக ஒன்றரை வாளித் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கறைகூட இருக்கிறது. தொட்டால் மட்டும் காய்ந்த மரம். யாரையாவது நாலு வார்த்தை திட்ட வேண்டும்போல் இருந்தது. மேலே மச்சினன், கீழே நூலகர், நடுவில் அவர் அடித்த பலகை. யாரைத் திட்டுவது?

கீழே இறங்கியபோது நூலகர் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும் அம்மாள். தடித்த சட்டப் புத்தகங்கள் இருந்த அலமாரிமேல் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டுக் கட்டியிருந்தார். ஒன்பது தொகுதிகள் ஏற்கனவே ஊறி, மூட முடியாமல் விரிந்து கிடந்தன.

"என்ன தெரிஞ்சுது?"

"ஒழுகலம்மா," என்றார் தச்சர்.

"நீங்க ஊத்தினா ஒழுகறதில்ல. மேல ஆகாசத்துல இருக்கறவர் ஊத்தினா ஒழுகுது. உங்களுக்குள்ள என்ன தகராறோ, பேசி முடிச்சுக்குங்க. எனக்கு வாளி வைக்க இடம் இல்ல."

குண்டு ஏணியில் பாதியில் நின்றபடியே கேட்டான். "வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சுடுவோம்மா. பொறியாளர் மேடம் ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க. வெள்ளிக்கிழமைக்கு மேல பேச ஒண்ணும் இல்லன்னு."

நூலகத்தின் கட்டட வேலைகளைப் பார்க்கும் பொறியாளர் அவர். அவ்வளவுதான் விஷயம். காரணம் தெரியாவிட்டால் ஈயம் முழுக்கக் கழற்றப்படும். வேறு ஆளை வைத்து ரப்பர் விரிப்பு ஒட்டிவிடுவார்கள். அது போனால்கூடப் பரவாயில்லை. பழைய நீதிமன்றத்தின் கும்மட்டத்துக்கு ஈயம் போடும் வேலையைக் குண்டுவுக்குத் தருவதாக அதே பொறியாளர் வாக்குக் கொடுத்திருந்தார். பத்து வருடமாக யார்யார் வேலைக்கோ கூலிக்குப் போனவன். கும்மட்டத்தை எப்படிக் கூறு போடுவது, எத்தனை தகடு, எங்கே மடிப்பு என்று ஒரு நோட்டு முழுக்க வரைந்து வைத்திருந்தான். வீட்டுக்கு வந்தவர்களிடம் கல்யாண ஆல்பத்தைக் காட்டுவதுபோல் அதைக் காட்டுவான்.

சாப்பாட்டுக்கு இருவரும் தச்சர் வீட்டுக்கு வந்தார்கள்.

குண்டு சாப்பிடுமுன் கை கழுவுவது ஒரு தனி வேலை. நகத்துக்கு ஒரு பிரஷ், முழங்கைவரை சோப்பு, பிறகு இன்னொரு முறை. ஈயம் விரலில் ஒட்டியிருந்தால் சாப்பாட்டோடு உள்ளே போகும், போனால் லேசில் வெளியே வராது. வேலைச் சட்டையைக்கூட வாசலிலேயே மாற்றிவிடுவான்.

"குழாயை மூடுடா. தொட்டி காலியாகப்போகுது," என்றாள் தச்சரின் மனைவி. "நூலகம் என்னாச்சு?"

"ஒழுகல அக்கா."

"நல்லதுதானே?"

"அதான் பிரச்சனையே."

அவள் தட்டுகளை வைத்தாள். "எனக்கு ஒண்ணு புரியல. தகடு எங்கயோ தூக்கிட்டு நிக்குது, அது வழியாத் தண்ணி போகுது. சுத்தி ஆணியடிச்சு இறுக்கிட்டா முடிஞ்சுது. இவர் அடிக்கற மாதிரி."

தச்சர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருக்கும் எப்போதும் அதே எண்ணம்தான். முப்பது வருடம் கதவும் ஜன்னலும் செய்தவர். ஈயத்தோடு சேர்ந்து அவர் செய்த முதல் வேலை இந்த நூலகம். ஆடுகிற எதைப் பார்த்தாலும் அவர் கை ஆணியைத் தேடும்.

குண்டு அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தான்.

"அக்கா, ஈயம் வெயிலுக்கு நீளும். ஒன்றரை மீட்டர் தகடு காலைக்கும் மதியத்துக்கும் நடுவுல ரெண்டு மில்லிமீட்டர்கிட்டப் போய்ட்டு வரும். தினமும். அதனால மேல் விளிம்புல மட்டும் ஆணி. மத்த பக்கமெல்லாம் அது பாட்டுக்குப் படுத்திருக்கணும். சுவர்ப் பக்கம் ஒரு சாண் ஏத்தி மடிச்சு நிக்க வச்சிருக்கேன். அதுல ஒரு ஆணி கிடையாது. சுவத்துலேர்ந்து வேற தகடு ஒண்ணு இறங்கி அதை மூடிக்கிட்டு நிக்கும். மூடித் தகடுன்னு சொல்வோம். மழைக்கு அது போதும்."

"அடிச்சா என்னவாம்?"

"போக வழி இல்லாம அங்கேயே மடங்கும், நிமிரும், மடங்கும். கம்பியை வளைச்சு வளைச்சு ஒடிப்போம்ல, அந்தக் கதைதான். தட்டினதுல மெலிஞ்ச இடமா இருந்தா ஒரு வருஷம் தாங்கும். அப்புறம் பிளந்துக்கும்."

"ஒரு வருஷம்." அவள் கரண்டியை நிறுத்தினாள். "கணக்கு சரியா வருதேடா. நீ எங்கயாவது அடிச்சுத் தொலைச்சியா?"

"நானா? சொந்தப் பேரை மறந்தாலும் அதை மறப்பேனா? சுவர்ப் பக்கம் விட்டது நல்லா ஞாபகம் இருக்கு. ஊருக்குப் போறப்ப மாமாகிட்டகூடச் சொல்லிட்டுத்தான் போனேன். சொன்னேன்ல மாமா?"

"சொன்ன," என்றார் தச்சர்.

அதற்குமேல் சாப்பிடாமல் கை கழுவ எழுந்தார்.

கூரை வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பிய அன்று குண்டு பஸ்ஸில் ஏறிவிட்டான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சுவர்ப் பக்கம் மட்டும் விட்டிருக்கேன் மாமா, பாத்துக்குங்க," என்றான். வண்டி கிளம்பிவிட்டது. தச்சர் தலையாட்டினார்.

விட்டிருக்கேன். மறந்துபோனதையும் அப்படித்தான் சொல்கிறோம். செய்யாமல் நிறுத்தியதையும் அப்படித்தான் சொல்கிறோம். கட்டிப்போடாமல் வைத்ததற்கும் அதே சொல். தச்சரின் தொழிலில் விட்டது என்றால் ஒன்றுதான்: பாக்கி. அவசரத்தில் பையன் பாதியில் விட்டுவிட்டுப் போகிறான், முடித்து வைக்கச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார்.

அன்று மாலையே ஏறினார். மூடித் தகட்டை மெல்ல நிமிர்த்திப் பார்த்தார். உள்ளே தகடு சும்மா நின்றுகொண்டிருந்தது. ஒரு ஆணி இல்லை. மச்சினனை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. பொறியாளர் பார்த்திருந்தால் மானம் போயிருக்கும். குண்டு வைத்திருந்த டப்பாவிலிருந்து செப்பு ஆணிகளை எடுத்தார். சுவரோரக் கட்டையில் பதினோரு ஆணி, சம தூரத்தில், அளந்து அடித்தார். மூடித் தகட்டைப் பழையபடி இறக்கித் தட்டினார். தச்சர் கை வைத்த இடம் தெரியவில்லை. வீட்டில்கூடச் சொல்லவில்லை. தம்பி பாதி வேலையில் போய்விட்டான் என்று அவளிடம் சொல்லி அவனை இறக்குவானேன் என்று பெருந்தன்மையாக இருந்துவிட்டார்.

குண்டு ஊரிலிருந்து திரும்பி வந்து கேட்டதும் நினைவிருந்தது.

"சுவர்ப் பக்கம்?"

"பாத்தாச்சு."

"கொத்தனார் யாரும் கை வைக்கலையே?"

"கொத்தனார் யாரும் வைக்கல."

அந்தப் பதிலில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் இப்போது எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை ஆறரை மணிக்குக் காவலாளியிடம் சாவி வாங்கித் தச்சர் தனியாகக் கூரைக்குப் போனார். ஈயம் பனியில் ஜில்லென்று இருந்தது. மூடித் தகட்டை நிமிர்த்தினார். மூன்றாவது தகட்டில், மூலையை ஒட்டிய ஆணித் துளையிலிருந்து ஒரு பிளவு கீழே இறங்கி, மூடித் தகடு மறைக்கும் இடத்தையும் தாண்டி ஒரு விரற்கடை போயிருந்தது. மயிரிழை. கட்டைவிரல் நகத்தை வைத்தார். நகம் உள்ளே போனது.

பதினோரு ஆணியையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் ஓட்டின்மேல் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. ஒன்பதரை மணிக்கு மறுபடி நகத்தை வைத்தார். போகவில்லை. பத்து மணிக்குப் பிளவே கண்ணுக்குத் தெரியவில்லை. தகடு நீண்டு, இரண்டு உதட்டையும் இறுக்கி மூடிக்கொண்டுவிட்டது. இதற்குமேல்தான் அவர்கள் எட்டு முறை, எட்டும் உச்சி வெயிலில், குழாய் பிடித்திருக்கிறார்கள்.

குண்டு ஒருநாளும் அந்த மூடித் தகட்டை நிமிர்த்திப் பார்க்கவில்லை. சந்தேகப்பட்ட இடங்களை எல்லாம் கழற்றிப் போட்டு மாட்டினான். சந்தேகமே இல்லாத இடம் அவனுக்கு அது ஒன்றுதான்.

தச்சர் பையிலிருந்து ஜன்னல் கண்ணாடிக்குப் போடும் பசையை எடுத்தார். பிளவில் வைத்து அழுத்தித் தடவினார். ஆணித் துளைகளையும் அடைத்தார். கைக்குழந்தைக்கு மருந்து போடுகிறவர்போல் பதமாகத்தான் செய்தார். இறங்கும்போது, இனி ஒழுகாது, ஒழுகாவிட்டால் பேச்சு வராது, பேச்சு வராவிட்டால் சொல்ல வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை விடியலில் பெய்தது. ஒன்பதாவது மழை. பசையை ஈயம் பிடித்துக்கொள்ளவில்லை. தோலைப் போல உரிந்து கால்வாயில் மிதந்து வந்து குழாய் வாயில் அடைத்துக்கொண்டது. தண்ணீர் தேங்கி ஏறி, பிளவுக்கு மேலேயே நின்றது. நூலகத்தில் நான்கு வாளி நிறைந்தது.

"முன்னாடி ஒழுகிச்சு," என்றார் நூலகர் போனில். "இப்ப ஊத்துது. எது பண்ணீங்களோ, அதைப் பண்ணாதீங்க."

குழாய் வாயில் சிக்கியிருந்த பசைத் துண்டைக் குண்டுதான் எடுத்தான். முகர்ந்து பார்த்தான்.

"இது ஏது மாமா?"

"மேல் மாடி ஜன்னல்லேர்ந்து விழுந்திருக்கும்."

குண்டு நிமிர்ந்து மேல் மாடியைப் பார்த்தான். அந்தப் பக்கம் ஜன்னலே இல்லை. அவன் அதையும் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. இரண்டு வாரமாக அவனுக்குத் தன் கையைப் பார்த்தாலே சந்தேகம். மூலையில் அதிகம் தட்டிவிட்டோமோ, மெலிந்துவிட்டதோ, கண் பார்வை போய்விட்டதோ என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் இருவரும் ஒரே வண்டியில் திரும்பினார்கள். சிக்னலில் நின்றபோது தச்சர் தொடங்கினார்.

"மாப்ளே, ஒரு விஷயம்."

"எனக்குத் தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"உங்க பலகைமேல யாராவது பழி போட்டுடுவாங்களோன்னு பயப்படறீங்க. அப்படி ஒண்ணும் ஆகாது. பலகைல ஒரு குத்தமும் இல்லன்னு மேடம்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். எழுதியே குடுத்துடறேன்."

"என்ன எழுதி?"

"தப்பு என்னோடதுன்னு. வீட்ல எழுதி வச்சுட்டேன். நாளைக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துடலாம். கும்மட்டம் போனாப் போகுது. எனக்கே என் கைமேல நம்பிக்கை இல்லாதப்ப அவ்வளவு ஒசரத்துல ஏறி என்ன பண்றது?"

பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டி நகர்ந்தது. தச்சர் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவன் வீடு வரும்வரை நாலு இடத்தில் வாய் திறந்தார். நாலு இடத்திலும் பள்ளம் பார்த்து ஓட்டச் சொல்லிவிட்டு மூடிக்கொண்டார்.

வீட்டில் மனைவி கேட்டாள். "அவன் நோட்டைப் பரண்மேல போட்டுட்டானாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நீங்க சொன்னாக் கேப்பான்."

"என்ன சொல்ல?"

"ஏதாவது. வாய்க்குள்ள கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?"

சொன்னால் இவள் முகம் எப்படி மாறும் என்று அவருக்குத் தெரியும். மீதி வாழ்நாள் முழுக்கக் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால்கூட அந்தப் பதினோரு ஆணி வந்து நிற்கும். அதைக்கூடத் தாங்கிவிடலாம். ஒழுக ஆரம்பித்ததிலிருந்து ஊரெல்லாம் மச்சினன் வேலை அரைகுறை என்று சிரித்துப் பேசியவர் அவர். சிரித்தவர்கள் திரும்பி அவரைப் பார்ப்பார்கள். அதை நினைத்தால்தான் நாக்கு எழவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பொறியாளர் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. குரலை உயர்த்தாமலே அவசரத்தைக் காட்டத் தெரிந்தவர். வாசிப்பறையின் நீளமான மேஜையில் ஒரு முனையில் உட்கார்ந்தார். பக்கத்தில் நூலகர். எதிரே குண்டுவும் தச்சரும். குண்டு புதுச் சட்டை போட்டு வந்திருந்தான். மேஜைமேல் ஒரு வாளி இருந்தது. யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை.

பொறியாளர் காகிதத்தை வாங்கிப் படித்தார். "தகடு விரித்ததிலும் தட்டிப் படிய வைத்ததிலும் நான் காட்டிய கவனக்குறைவே ஒழுகலுக்குக் காரணம்." நிமிர்ந்தார். "எந்த இடத்துலன்னு எழுதலையே?"

"அது எனக்குத் தெரியல மேடம். பலகைல இல்லன்னு தெரியும். அப்ப மிச்சம் நான்தானே?"

"தெரியாத தப்பை ஒத்துக்கறீங்க."

"தேடித் தேடி அலுத்துட்டேன் மேடம். தப்பு கிடைக்கல. ஆளாவது கிடைக்கட்டும்."

நூலகர் சிரிக்கவில்லை. "பாவமா இருக்கு," என்றார் பொதுவாக, வாளியைப் பார்த்து.

பொறியாளர் காகிதத்தைத் திருப்பித் தந்தார். குண்டு கையெழுத்துப் போட்டான். பொறியாளர் இன்னொரு கோட்டைக் காட்டினார். "கூட வேலை செஞ்சவர் நீங்கதானே? சாட்சிக்கு ஒரு கையெழுத்து."

குண்டு பேனாவைத் தச்சர் பக்கம் நீட்டினான். "போடுங்க மாமா. உங்க கல்யாணத்தைப் பதிவு பண்ணப்ப நான் சாட்சி போட்டேன்ல, அதுக்குப் பதிலா. நானும் படிக்காமத்தான் போட்டேன்."

தச்சர் பேனாவை வாங்கினார். காகிதத்தில் குண்டுவின் எழுத்து. பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல் உருண்டு உருண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறைய இடம் விட்டு. கவனக்குறைவு என்பதை ஒருமுறை தப்பாக எழுதி அடித்துத் திருத்தியிருந்தான்.

"மேடம், சுவர்ப் பக்கம் பாத்தீங்களா?" என்றார்.

"அங்க ஒண்ணும் இருக்காது மாமா," என்றான் குண்டு. "அது நான் சரியாச் செஞ்ச ஒரே இடம். அதையும் நோண்ட வேண்டாம்."

"மூடித் தகட்டுக்குப் பின்னால பாக்கணும்."

"எதுக்கு?" என்றார் பொறியாளர்.

"காலைல ஏழு மணிக்குள்ள பாக்கணும். வெயில் வந்துட்டா மூடிக்கும்."

குண்டு திரும்பி அவரைப் பார்த்தான். "எது மூடிக்கும்?"

"மூணாவது தகட்டுல ஒரு பிளவு இருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தேன். போன வாரம்."

"போன வாரமா? பாத்துட்டு ஏன் மாமா சொல்லல?"

பொறியாளர் மூடியைத் திறந்த தன் பேனாவை மேஜைமேல் வைத்தார். நூலகர் வாளியை மெல்ல ஒரு பக்கமாக நகர்த்தினார், தச்சர் முகம் தெரிவதற்காக.

தச்சர் காகிதத்தைக் குண்டுவிடமே தள்ளினார். சாட்சிக் கோடு காலியாக இருந்தது.

"அந்தத் தகட்டுக்குப் பின்னால பதினோரு ஓட்டை இருக்கு," என்றார். "நீ ஊருக்குப் போன அன்னிக்கு, உன் டப்பாலேர்ந்து ஆணி எடுத்து, நான்தான்டா அடிச்சேன்."